கேட்டுப் பெறவேண்டிய மரபணுச் சோதனை

பிறந்து ஆறு மாதத்திற்குள் நீரிழிவு கண்ட குழந்தைக்கு வாழ்நாள் முழுதும் இன்சுலின் ஊசியே என முடிவுகட்டுதல் தகாது. கணையத்தின் பீட்டா செல் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் வெளியேறும் நுண்வாயில்கள் உள்ளன. இரத்தச் சர்க்கரை ஏறும்போது அவை மூடிக்கொள்வதால்தான் இன்சுலின் சுரக்கிறது. இதனை ஃபிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட் குழுவினர் 1984இல் கண்டறிந்தனர். சில குழந்தைகளிடம் மரபணுப் பிழையால் அவ்வாயில் திறந்தபடியே நின்றுவிடுகிறது. இப்பிழை வெளிப்பட்டது 2004இல். அதை மூடவல்ல சல்போனைல்யூரியா மாத்திரைகளோ பல்லாண்டுகளாக மருந்துக்கடைகளிலேயே இருந்தன! இப்பிழையுடைய குழந்தைகளுள் பெரும்பாலோர் மருத்துவர் மேற்பார்வையில் ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறியுள்ளனர். எனவே, அவ்வயதில் நோய் தொடங்கியிருப்பின், பிள்ளை இன்று வளர்ந்திருந்தாலும், மரபணுச் சோதனை செய்யப்பட்டதா எனப் பெற்றோர் தயங்காது வினவுதல் வேண்டும். முடிவு தெரிந்து மருத்துவர் கூறும்வரை ஊசியை நிறுத்தலாகாது.