நேயர்களின் அபிப்பிராயத்துக்கு ஒரு ஸ்தானம்

1983ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஸ்தாபனம், போதிய நேயர்கள் பார்க்கவில்லை என்ற காரணத்தைக் காட்டி, 'காக்னி அண்ட் லேசி' என்னும் போலீஸ் தொடரை நிறுத்திவிடத் தீர்மானித்தது. நியூயார்க் நகரத்துப் போலீஸ் நிலையம் ஒன்றின் துப்பறியும் பிரிவில் இணைந்து பணிபுரியும் இரண்டு பெண்களைப் பற்றியது அந்தத் தொடர். அதை எத்தனை வீடுகளில் பார்த்தார்கள் என்பதைச் சில வீடுகளில் பொருத்திய கருவிகள் தெரிவித்தன. எதற்காகப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்ன நினைத்தார்கள் என்பதைத் தெரிவிக்க அக்கருவிகளால் இயலாது. அதைத் தெரிவித்தவை நேயர்கள் எழுதிய கடிதங்கள். அவை ஆயிரக்கணக்கில் வந்து குவிந்ததும், நிறுத்திய தொடரையே அந்த ஸ்தாபனம் 1984 மார்ச்சில் மீண்டும் ஒளிபரப்ப முன்வந்ததும் தொலைக்காட்சியின் சரித்திரத்தில் அபூர்வமான சம்பவங்கள். ஒரு படைப்பைப் பற்றிச் சாமானிய ஜனங்கள் கொண்டிருக்கும் அபிப்பிராயத்துக்குத் தலைக்கணக்கைவிட உயர்ந்த ஸ்தானம் உண்டு என்று நான் உறுதியாக நம்புவதால், இந்த விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய விரும்புகிறேன்.

அமெரிக்கத் தொலைக்காட்சிக்குப் பெண் போலீஸ் புதியவள் அல்லள். 1957ஆம் ஆண்டிலேயே 'டிகாய்' என்ற தொடரில் பெவர்லி கார்லண்ட் என்னும் நடிகை பெண் காவலராகப் பிரதான பாத்திரம் ஏற்றார். ஆயினும் அதற்குப் பிறகு வந்த 'போலீஸ் வுமன்', 'சார்லீஸ் ஏஞ்சல்ஸ்' முதலிய தொடர்களைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பெண்கள் குற்றவாளியைப் பிடிக்கும் சாமர்த்தியத்தைக் காட்டிலும் அவர்கள் மாறுவேஷம் பூணும் அழகும், ஆபத்தில் சிக்கி ஆடவர் வந்து மீட்கும் தருணங்களுமே அதிகம் நினைவில் நின்றிருக்கும். இந்தச் சூழ்நிலையில், 1974இல், பார்பரா ஏவ்டன், பார்பரா கோர்டே என்ற இரண்டு எழுத்தாளர்கள் நியூயார்க்கின் பெண் காவலர்களோடு பழகி அவர்களுடைய தினசரி அலுவல்களைக் கண்டறிந்து, ஒருவருக்கொருவர் உற்ற தோழியராக விளங்கும் இரு பெண் துப்பறிவாளர்களின் கதையை எழுதினார்கள். தயாரிப்பாளர் பார்னி ரோசன்ஸ்வைக் அதை எடுத்துக்கொண்டு சினிமாக் கம்பெனிகளின் வாசல்களில் ஏறி இறங்கினார், பலன் இல்லை. ஏறக்குறைய ஏழு வருஷங்கள் கழித்து, 1981 அக்டோபரில்தான், அது தொலைக்காட்சிப் படமாக வெளிவந்தது. அதற்குக் கிடைத்த வரவேற்பைக் கண்டு, அடுத்த ஆண்டு மார்ச்சில் தொடர் ஆரம்பமாயிற்று.

அந்தத் தொடரில் மேரி பெத் லேசி இல்லறத்தில் இருப்பவள். கட்டட வேலை செய்யும் கணவனும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. கணவன் ஹார்வி அடுப்படிக்குள் நுழைவதை அவமானமாகக் கருதாதவன். கிறிஸ்டின் காக்னியோ மணமாகாதவள். பதவி உயர்வில் வெளிப்படையாகவே ஆசை வைத்தவள். ஓய்வுபெற்ற போலீஸ்காரரான தந்தையின் பெருமையையும் அவருடைய குடிப்பழக்கத்தின் நிழலையும் ஒருசேரச் சுமப்பவள். நிலையத்திலே ஆடவர் நடுவில் மனம்விட்டுப் பேச இடமில்லாத காரணத்தால், பெண்களுக்கென்று ஒதுக்கிய கழிவறையே அவ்விருவருக்கும் ஆலோசனை மண்டபமாக அமைந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பிறகு இத்தொடரைப் பார்த்த எனக்கு, துப்பாக்கிச் சண்டைகள் எவையும் மனத்தில் தங்கவில்லை. அந்தச் சிறிய அறையில் முகம் கழுவிக்கொண்டே அவர்கள் கோபித்துக்கொள்வதும், தாழ்ந்த குரலில் சமாதானமாவதும், வழக்கைப் பற்றி ஆரம்பித்த பேச்சு தத்தம் வாழ்க்கையைப் பற்றியதாகத் திரும்பிவிடுவதுமே தங்கின. உத்தியோகம் பார்க்கும் பெண்களின் சிநேகத்தை இவ்வளவு உண்மையாகச் சித்திரித்த தொடர்கள் அதற்கு முன் மிகச் சில.

இப்படிப்பட்ட பெண்களை நேயர்கள் ஏற்கமாட்டார்கள் என்று, நேயர்களைக் கேளாமலே, ஸ்தாபனத்தார் முடிவு கட்டினார்கள். முதல் தவணையில் காக்னியாக நடித்த மெக் ஃபாஸ்டரை நீக்கிவிட்டு, ஷேரன் கிளெஸ் என்னும் நடிகையை அமர்த்தினார்கள். ஃபாஸ்டரின் நடிப்பில் குறை கண்டதாகக் கூறவில்லை. இரு பெண்களும் கடுமையானவர்களாகவும், பெண் விடுதலை வாதம் பேசுபவர்களாகவும், ஆடவரை நாடாதவர்களாகவும் ஜனங்களுக்குத் தோன்றக்கூடும் என்று பெயர் தெரிவிக்காத அதிகாரி ஒருவர் பத்திரிகைக்குச் சொன்னார். ஜனங்களின் பெயரால் பேசப்பட்ட அந்த அபிப்பிராயத்தில் ஜனங்களுடைய பங்கு எவ்வளவு என்று கேட்டால், விடை சொல்வது கஷ்டம். ஓர் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்த சிலரின் அச்சத்துக்கு நேயர்களின் பெயரைச் சூட்டி, அதன்மீது ஒரு நடிகையின் ஜீவனத்தைப் பலியிட்டது பெரிய அநியாயம். கிளெஸ் பின்னால் அந்தப் பாத்திரத்துக்குத் தந்த ஜீவன் நாம் அனைவரும் போற்றத்தக்கது. ஆனால் அந்தப் பெருமை முந்திய அநியாயத்தை நியாயமாக்கிவிடாது.

நேயர்கள் உண்மையில் என்ன எண்ணினார்கள் என்பது அவர்களே எழுதியபோதுதான் தெரிந்தது. திரையில் கண்ட பெண்கள் தங்களைப் போலவே களைத்து வீடு திரும்புகிறவர்கள் என்றும், அலங்காரப் பதுமைகளாக இல்லாமல் நடமாடும் மனுஷிகளாக இருக்கிறார்கள் என்றும், அவர்களுடைய துணிச்சல் தங்களுக்கும் பலம் தருகிறது என்றும் அந்தக் கடிதங்கள் கூறின. பிற்காலத்தில் ஜூலி டாச்சி என்னும் ஆராய்ச்சியாளர் இக்கடிதங்களைத் தேடிப் படித்து ஒரு நூலே எழுதினார். இந்தக் கடித இயக்கத்துக்குத் தயாரிப்பாளர் ரோசன்ஸ்வைக்கே தூண்டுகோலாக இருந்தார், தமக்கு எழுதியவர்களையெல்லாம் ஸ்தாபனத்துக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதும்படி வேண்டிக்கொண்டார் என்பது உண்மையே. அதனால் அந்த அபிப்பிராயம் இரவல் அபிப்பிராயம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த வாதம் எனக்குச் சம்மதமில்லை. எழுதும்படி ஒருவர் தூண்டலாம். ஆனால், வேலைக்குப் போகும் ஒரு தாய் தன் காகிதத்தை எடுத்துவைத்து, இந்தத் தொடர் தனக்கு ஏன் வேண்டும் என்று தன் வாழ்க்கையிலிருந்தே காரணம் காட்டி எழுதும்போது, அந்தக் காரணத்தை வேறு எவரும் அவளுக்கு இரவல் கொடுக்க முடியாது. 1983ஆம் ஆண்டிலேயே, நிறுத்தப்பட்ட இந்தத் தொடரின் லேசியாகிய டைன் டேலிக்கே சிறந்த நடிகைக்குரிய எம்மி விருதும் கிடைத்தது. மீண்டும் தொடங்கிய தொடர் 1988 வரை நடைபெற்றது. 1983 தொடங்கி ஆறு ஆண்டுகள் அந்த விருது இந்த இரு நடிகையரைத் தவிர வேறு எவருக்கும் போகவில்லை. இந்தக் கடித முயற்சியில் ஈடுபட்டவர்களுள் ஒருவரான டோரதி ஸ்வான்சன், தரமான தொடர்களுக்காக வாதாடும் நேயர் சங்கம் ஒன்றையும் 1984இல் நிறுவினார்.

நேயர்களின் அபிப்பிராயம் எப்பொழுதும் ஒரே பக்கமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1985இல், கருக்கலைப்புச் செய்யும் மருத்துவ விடுதி ஒன்று வெடிகுண்டால் தாக்கப்படும் கதை ஒளிபரப்பானபோது, கருக்கலைப்பை எதிர்க்கும் அமைப்பினர் அதை ஒளிபரப்பக் கூடாதென்று நிலையங்களை நெருக்கினார்கள். அவர்களும் நேயர்களே; அவர்களுடைய மன வேதனையும் போலியானதன்று. கதையில் இன்ன குறை, இன்ன அநீதி என்று எடுத்துரைக்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. பிறர் காண்பதைத் தடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை. சி.பி.எஸ். அந்தக் கதையை ஒளிபரப்பியது. அது செய்த சரியான காரியங்களுள் இதையும் ஒன்றாகக் கொள்கிறேன்.

நேயர்களாகிய நம்மிடமும் ஒரு குறை இருக்கிறது. ஆண் துப்பறிவாளன் குடிக்கலாம், முரட்டுத்தனமாகப் பேசலாம், குடும்பத்தை மறக்கலாம்; அவற்றை அவனுடைய மேதாவிலாசத்தின் லட்சணங்களாகவே ரசிக்கிறோம். பெண் அதிகாரி அவற்றில் ஒன்றைச் செய்தாலும் அந்தப் பாத்திரம் மனத்துக்கு ஒட்டவில்லை என்கிறோம். 1991இல் இங்கிலாந்தில் வெளிவந்த 'பிரைம் சஸ்பெக்ட்' தொடரில் ஹெலன் மிரன் ஏற்ற ஜேன் டெனிசன் பாத்திரம், தன்னை அதிகாரியாக ஏற்க மறுக்கும் ஆடவர் மத்தியில், பிறர் விரும்பவேண்டும் என்ற கவலையைத் துறந்து வேலை செய்யும் பெண். 2006இல் அத்தொடர் முடிவுற்றபோது அவள் குடிப்பழக்கத்துக்கு அடிமையாகக் காட்டப்பட்டாள். பாத்திரத்தைப் படைத்த லிண்டா லா பிளான்டுக்கே அது உவப்பாக இல்லை. காக்னியும் குடிக்கிறாள், 1987இல் தந்தையின் மரணத்தை ஒட்டி நிலைகுலைந்து, பிறகு குடியை விட முயல்வோரின் கூட்டத்துக்குச் செல்கிறாள். ஆனால் அவளுடைய வீழ்ச்சிக்கு வேர் அவள் குடும்பத்தில் இருப்பதை ஆண்டுக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். உத்தியோகம் பார்த்ததற்காக அவளுக்கு விதித்த தண்டனையாக அது தோன்றுவதில்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டு சொல்வதே நல்ல விமர்சனம். அதைச் சொல்லப் பண்டிதராக இருக்கவேண்டிய அவசியமில்லை.

பெண் அதிகாரியை மதித்துக் காட்டும் தொடருக்கு நம் தேசத்திலும் முன்மாதிரி உண்டு. 1989இல் தூர்தர்ஷனில் வந்த 'உடான்' தொடரைத் தாமே எழுதி, இயக்கி, கல்யாணி சிங் என்னும் ஐ.பி.எஸ். அதிகாரியாக நடித்தும் காட்டியவர் கவிதா சௌத்ரி. அவருடைய தமக்கை காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கையே அதற்கு ஆதாரம். அந்த அம்மையார் 2004இல் உத்தராகண்டில் பதவியேற்று, இந்தியாவின் முதல் பெண் டி.ஜி.பி. ஆனார். தமிழில், 'ராஜா ராணி'யின் இரண்டாம் தொடரிலே, போலீஸ் அதிகாரியாகும் கனவோடு மருமகளாக வரும் நாயகியைக் கண்டோம். அந்தக் கனவு எனக்குப் பிடித்தது; ஆனால் காக்கி உடை அணிவதற்கு முன்னும் பின்னும் வீட்டுச் சச்சரவுகளே அத்தியாயங்களை விழுங்கிவிட்டன என்பது என் அபிப்பிராயம். இதே எண்ணம் எத்தனை பெண்களுக்கு இருந்திருக்கும்! அவர்களைக் கேட்டவர் யார்? வாரந்தோறும் வரும் டி.ஆர்.பி. புள்ளி ஒன்றே தொடரின் ஆயுளையும் அதன் கதைப்போக்கையும் நிர்ணயிக்கிறது. சலிப்போடு பார்த்தவரும் ஆர்வத்தோடு பார்த்தவரும் அந்தப் புள்ளியில் ஒன்றாகவே அடங்கிவிடுகிறார்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒரு காலத்தில் நேயர் கடிதங்களை வாசித்துப் பதில் கூறுவதற்கென்றே 'எதிரொலி' என்னும் நிகழ்ச்சியை நடத்திவந்தது. பதில்கள் எல்லாம் திருப்தி அளித்தன என்று சொல்ல முடியாது. எனினும், பார்ப்பவருக்கும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு என்ற கொள்கை அதில் பிரத்தியட்சமாக விளங்கிற்று. இன்றைய தனியார் தொலைக்காட்சிகள் ஒவ்வொன்றும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை வாரத்துக்கு அரைமணி நேரமாவது நடத்தவேண்டும். தொடரை எழுதுபவரும் இயக்குபவரும் அதில் நேரில் வந்து பதில் கூறவேண்டும். வாசகர்களும், குறிப்பாக உத்தியோகம் பார்க்கும் சகோதரிகளும், ஒரு தொடரில் பெண் அதிகாரியின் பணி மதிக்கப்பட்டிருந்தால் அதைப் பாராட்டியும், புறக்கணிக்கப்பட்டிருந்தால் எந்த இடத்தில் எவ்வாறு என்று காரணம் காட்டியும், சம்பந்தப்பட்ட தொலைக்காட்சிக்கும் இந்தப் பத்திரிகைக்கும் தவறாமல் எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.