சுறாப் பீலிச் சட்டம்

ஆனைக்குட்டத்து அணைக்கரையில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் தென்படாது. ஆயினும், சட்டம் பிறக்கும் இடம் ஒன்று, அதன் பாரம் விழும் இடம் வேறொன்று என்பதை இப்பிரதேசத்து ஜனங்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2018-ம் வருஷம் பேரியம் கலந்த பட்டாசுகளை உச்ச நீதிமன்றம் தடுத்தபோது சிவகாசித் தொழிலாளிகள் அதை அநுபவத்தில் கண்டனர். கன்னியாகுமரி ஜில்லா தூத்தூர்க் கரையிலிருந்து ஆழ்கடல் சென்று சுறாப் பிடிக்கும் மீனவரின் நிலையும் அத்தகையதே.

சீன விருந்துகளில் சூப்புக்கு உதவும் சுறாப் பீலிக்கு விலை அதிகம். உடலுக்கு விலை குறைவு, அது கப்பலில் இடத்தையும் அடைக்கும். ஆகவே பேராசை கொண்டோர் பீலியை மட்டும் அறுத்துக்கொண்டு, உயிருள்ள உடலைக் கடலில் எறிந்தனர். நீந்தும் சக்தியிழந்த பிராணி அடியில் அமிழ்ந்து மாளும். சுறா பருவமடையப் பல வருஷங்கள் செல்லும். அது ஈனும் குட்டிகளும் சிலவே. இக்கொடுமை நீடித்தால் அவ்வினமே நசித்துப்போம் என்பதில் ஐயமில்லை.

அமெரிக்கர் 2000-ம் வருஷத்திலும் ஐரோப்பியர் 2003-ம் வருஷத்திலும் இதைத் தடுக்க முற்பட்டனர். ஆனால் பீலியின் எடை மீன் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படலாகாது என்ற கணக்கை வைத்தார்கள். எந்தப் பீலி எந்த உடலுக்குரியது என்று யார் கண்டார்? அந்த ஓட்டையை அடைக்க, அமெரிக்கர் 2010-லும் ஐரோப்பியர் 2013-லும் பீலி உடலோடு ஒட்டியபடியே கரை சேரவேண்டும் என்று விதித்தனர். இந்திய சர்க்காரும் 2013 ஆகஸ்டில் அதே விதியை மேற்கொண்டனர். அது நியாயமான விதி. அதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் 2015 பிப்ரவரியில் எல்லாச் சுறாக்களின் பீலி ஏற்றுமதியையும் சர்க்கார் அடியோடு தடுத்துவிட்டனர். நம் கரையில் நடப்பது என்ன? சுறா முழு உடலாகவே வந்து இறங்குகிறது. பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பால்சுறாப் புட்டு ஆக்கித் தருவது நம் வழக்கம். மிஞ்சியது உப்பிட்டுக் கருவாடாகிறது. உடலை எறிந்தவனுக்கும் முழு மீனைக் கொணர்ந்தவனுக்கும் ஒரே தண்டனையா? இறைச்சிக்காகச் சுறாப் பிடிப்பது நிற்கவில்லை; மீனவனுக்கு விலையில் ஒரு பங்கு போயிற்று. கள்ளக் கடத்தல்காரர் பிடிபடும் செய்திகளோ பின்னரும் வந்துகொண்டே இருக்கின்றன.

உலர்ந்த பீலியைக் கண்டு இனம் சொல்வது அரிது, ஆதலால் முழுத் தடையே வழி என்பார் சிலர். அவர் கூற்றில் உண்மையுண்டு. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் காக்கும் இனங்களைத் தொடவே கூடாது என்பதே நம் அபிப்பிராயமும். ஏனைய இனங்களை, பீலி உடலோடிருக்கையில், துறைமுகத்திலேயே இனம் பார்த்துச் சீட்டிடலாமன்றோ? கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கரையிறங்கும் மீன்களைக் கணக்கெடுத்தே வருகின்றனர். உலக நாடுகளும் 2022-ல் பனாமாவில் கூடி, வியாபாரத்தால் இனத்துக்குக் கேடில்லை என்று கண்ட பின்பே அனுமதிச் சீட்டுத் தருவதென்ற ஏற்பாட்டை மேலும் பல சுறா இனங்களுக்கு விரித்தன.

ஆகவே கடலில் பீலியறுப்போரைச் சர்க்கார் கடுமையாகத் தண்டிக்கட்டும். குட்டிச் சுறாக்களைப் பிடியாதபடி தடுக்கட்டும். 2015-ம் வருஷத் தடையை மீனவப் பிரதிநிதிகளுடன் கலந்து ஆலோசித்துத் திருத்தட்டும். சுறாவும் வாழவேண்டும், அதை நம்பிய குடும்பங்களும் வாழவேண்டும். இக்கோரிக்கைக்குக் கரையோர ஊர்களோடு உள்நாட்டுத் தொண்டர்களும் குரல் கொடுப்பது கடமையாகும்.