கலியாணக் கேக்கும் குற்றாலச் சாரலும்

கலியாணம் நிச்சயமானால் முதலில் ஜோஸியர், பிறகு தவசிப்பிள்ளை, அதன் பிறகே மற்றவர்கள் என்பது நம் சீமையில் வெகுகாலத்து ஏற்பாடு. இப்போது அந்த வரிசையில் பேக்கரிக்காரரும் வந்து சேர்ந்திருக்கிறார். தென்காசியில் மாலை வரவேற்பு என்று பத்திரிகையில் அச்சிட்டுவிட்டால், மேடையில் மூன்றடுக்குக் கேக் ஒன்று நின்றாக வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் செய்கிறார்கள். பாட்டிமார்களோ, "பருப்புத் தேங்காய்க்கு என்னடா குறை வந்துவிட்டது?" என்று கேட்கிறார்கள்.

இரண்டு கட்சியாரும் சண்டையிட வேண்டியதில்லை. பிராமணக் கலியாணங்களில் ஜோடியாக வைக்கும் பருப்புத் தேங்காய்க்கும் மேனாட்டுக் கேக்குக்கும் உத்தியோகம் ஒன்றுதான். சபையில் மங்களகரமாக நின்று, பிறகு உடைபட்டு, வந்தவர்கள் வாயை இனிக்கச் செய்வதே அது. 1840-ஆம் ஆண்டில் விக்டோரியா ராணியின் விவாகத்துக்குச் செய்த கேக் சுமார் 300 ராத்தல் எடையிருந்தது. நம் பருப்புத் தேங்காய் அவ்வளவு கனத்துக்கு ஆசைப்பட்டதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

கேக் அந்நியச் சரக்கு என்று ஒதுக்குவோருக்குத் தலைச்சேரிக் கதையைச் சொல்லலாம். 1883-இல் ஓர் ஆங்கிலத் தோட்டக்காரர், சீமையிலிருந்து வந்த கேக் ஒன்றை மாம்பள்ளி பாப்பு என்னும் ரொட்டிக்காரரிடம் காட்டி, இதுபோல் செய்ய முடியுமா என்று கேட்டாராம். பாப்பு உள்ளூர்க் கொல்லரிடம் அச்சுச் செய்வித்து, பிரெஞ்சுப் பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சாராயத்தையே சேர்த்து, கேட்டவர் மெச்சும்படி செய்து கொடுத்தார் என்பார்கள். பேக்கரிக்காரரிடம் பேசும் முறையும் இக்கதையிலேயே இருக்கிறது. வேண்டியதை மாதிரி காட்டித் தெளிவாகச் சொல்லவேண்டும். செய்யும் வகையை அவர் கைக்கு விட்டுவிட வேண்டும்.

ஆனால் தென்காசி, குற்றாலத்துக்காரர்கள் மாதிரியைக் காட்டுமுன் வானத்தைப் பார்க்க வேண்டும். ஆடியில் விவாகம் இல்லை. ஆனி, ஆவணி முகூர்த்தங்களோ சரியாகச் சீஸனில் வந்து விழுகின்றன. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் ஈரக் காற்று மனிதருக்குச் சொர்க்கம், சர்க்கரைக்குச் சத்துரு. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பாகு சற்று இளம்பதமாக இருந்தாலும் பருப்புத் தேங்காய் கசிந்து சாய்ந்துவிடும். ஆகையால்தான் அனுபவசாலிகள் ஒரு துளிப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி, அதைத் தட்டில் போட்டு, 'டங்' என்று சத்தம் கேட்ட பிறகே அடுப்பை விட்டு இறக்குகிறார்கள்.

கேக்குக்கும் இந்தத் தொல்லை உண்டு. மேலே போர்த்தும் சர்க்கரை மாவுத் தகடு ஈரக்காற்றில் வியர்க்கும். சாரல் இல்லாத பங்குனி, சித்திரையிலோ வெண்ணெய்ப் பூச்சு உருகி வழியும்; வெண்ணெய்க்கு 32 டிகிரிச் சூடு வந்தாலே நிலைகொள்ளாது. அடித்த கிரீமோ குளிர்பெட்டியை விட்டு வெகுநேரம் பிரிந்திராது. உலர்ந்த திராட்சையும் முந்திரியும் சேர்ந்த பழக்கேக் எந்த மாதத்துக்கும் பொறுமையுள்ளது. முன்கூட்டியே செய்தும் வைக்கலாம்.

கேக்குக்குச் சொல்லுமுன் சில விஷயங்களைத் தீர்மானிப்பது நலம். முட்டை சேரலாமா என்பது முதற் கேள்வி. ஸம்பந்தி வீட்டாரையும் கேட்டு, விடையைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மேடையில் வைத்து வெட்டிய பிறகு, "முட்டை உண்டா?" என்று ஒரு பெரியவர் கேட்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டால் அந்த மனக்கசப்பை எந்தச் சர்க்கரையும் மாற்றாது.

அடுத்தது கணக்கு. ஆளுக்கு 50 கிராம் துண்டு என்றால் 300 பேருக்கு 15 கிலோ வேண்டும். அத்தனையும் பூவேலை செய்த அடுக்காக இருக்க வேண்டுமென்பதில்லை. மேடைக்குச் சிறிய அடுக்கு ஒன்று; மற்றதை அலங்காரமில்லாத பலகைக் கேக்காகச் செய்து சமையற்கட்டிலேயே துண்டு போட்டுக்கொள்ளலாம். ருசி ஒன்றே, செலவு வெகுவாகக் குறையும். பெண்ணைப் பெற்றவர் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் தேசத்தில் இது அற்ப விஷயமன்று.

கேக்கை அடுக்கடுக்காகத் தனித்தனியே மண்டபத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு வரும், யார் பொறுப்பில் வரும், முன்பணம் எவ்வளவு என்பதையும் அதே காகிதத்தில் எழுதிவிட்டால் பின்னால் வாக்குவாதம் இல்லை.

இவ்வளவும் செய்தபின், கேக் எத்தனை அடுக்கு என்று யார் கேட்டாலும் கவலை வேண்டாம். வாசலில் காத்திருக்கும் வண்டிக்காரருக்கும், கடைசிப் பந்திக்கு இலை போட்டவருக்கும் ஒரு துண்டு போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் விசாரியுங்கள்.