இல்லிக்குடம்

நன்னூலின் பொதுப்பாயிரத்தை இளங்கலை வகுப்பில் நடத்தும்போது மாணவர்கள் தவறாமல் சிரிக்கும் இடம் ஒன்றுண்டு. மாணாக்கரை முதல், இடை, கடை எனப் பகுத்து, அன்னத்தையும் ஆவையும் முதலிலும், மண்ணையும் கிளியையும் இடையிலும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைக் கடையிலும் பவணந்தியார் நிறுத்துகிற இடம் அது. இல்லிக்குடம் என்றால் ஓட்டைக்குடம், ஊற்றியதெல்லாம் ஒழுகிவிடும். பக்கத்திலிருப்பவனை எருமை என்று சுட்டிக்காட்டி வகுப்பு சிரிக்கும். இருபது ஆண்டுகளாக நாங்களும் உடன் சிரித்திருக்கிறோம்.

இப்போது சிரிப்பதில்லை. அதற்குக் காரணமான சிறுவனைப் பற்றியும், வாசித்துப் பொருள் உணர்வதைத் தொடக்கப்பள்ளியில் நாம் எவ்வாறு கற்பிக்கிறோம் என்பதைப் பற்றியுமே இக்கட்டுரை.

நாங்கள் மூவர், மூவரும் கல்லூரித் தமிழாசிரியர்கள், நெய்வேலி நகரியத்தில் குடியிருப்பவர்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எங்கள் வட்டத்தின் ஓரத்திலுள்ள வேப்பமரத்தடியில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு வாசிக்கக் கற்றுத் தருகிறோம். 1956இல் நிறுவனம் தோன்றியது முதல் பல ஊர்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்த இடம் இது. ஆகவே மரத்தடிக்கு வரும் பிள்ளைகளும் ஒரே வார்ப்பில் இல்லை. நகரியக் குடியிருப்புப் பிள்ளைகள் உண்டு. சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளைகள் உண்டு. வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு சிறுமி உண்டு. செவித்திறன் குறைந்த ஒருத்தி உண்டு. எழுத்துகள் கண்முன் நிலைகொள்ளாத ஒரு சிறுவனும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் இருந்த அவனுக்கு ஒரு வரியை வாசித்து முடிக்க ஒரு நிமிடத்திற்கு மேலாகும்.

முதல் மாதத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்தவள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல் தங்குதடையின்றி வாசிப்பாள். ஒருநாள் கதையொன்றை அவள் வாசித்து முடித்ததும், "அந்தக் கிழவி ஏன் வீட்டைவிட்டுப் போனாள்?" என்று கேட்டோம். மௌனம். மறுபடி கேட்டபோது கதையின் கடைசி வாக்கியத்தை அதே அழகோடு மீண்டும் வாசித்துக் காட்டினாள். கிழவி போனதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் பள்ளித் தேர்வில் அவள் மதிப்பெண் குறைந்ததே இல்லை.

இஃது எப்படி நேர்கிறது? நண்பர்கள் இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'தொரிவன் மெலுக்கில் சபினான்.' இதில் எந்தச் சொல்லுக்கும் பொருள் இல்லை, யாமே புனைந்தவை. இனி வினா: தொரிவன் எதில் சபினான்? விடை: மெலுக்கில். முழு மதிப்பெண். நம் பாடநூல் வினாவிடைகளில் பெரும்பகுதி இவ்வளவே. கோடிட்ட இடத்தை நிரப்புவதற்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. கண் தெரிந்தால் போதும்.

சிறுவனுக்கு வருவோம். ஒருநாள் முந்திய வாரப் பாடத்தை அவன் மறந்து விழித்தபோது, எங்களில் ஒருவர் சலிப்பும் வேடிக்கையுமாக, "இல்லிக்குடம்டா நீ" என்று சொல்லிவிட்டார். அவன் பொருள் கேட்டான். கற்றறிந்தவர்கள் அல்லவா, நன்னூலைச் சுட்டி விரிவாகவே விளக்கினோம். அடுத்த இரண்டு ஞாயிறுகள் அவன் வரவில்லை.

மூன்றாம் வாரம் வந்தவன் பின்வரிசையில் அமர்ந்துகொண்டான். அன்று சுரங்கத்தைப் பற்றி நாங்களே எழுதிய பத்தி ஒன்றைப் பிள்ளைகள் வாசித்தார்கள். நிலக்கரியை வெட்டிய பிறகு குழியில் ஊறும் நீரை இயந்திரங்கள் இறைக்கின்றன என்று அதில் எழுதியிருந்தோம். செய்தி வாசிப்பாளினி அதைப் படித்து முடித்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது: "அப்படி இல்ல சார். தண்ணிய மொதல்ல எறைச்சாதான் கரிய வெட்ட முடியும். அடியிலேருந்து தண்ணி முட்டிக்கிட்டு நிக்கும். எறைக்காம வுட்டா தரையே பொத்துக்கும்." அவன் தந்தை பம்புப் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் சொன்னதே சரி. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கிறது. அந்த அழுத்தத்தை இரவும் பகலும் இறைத்துத் தணித்தால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கும். நகரியத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் நாங்கள் தலைகீழாக எழுதியிருந்தோம். ஒரு வரி வாசிக்கத் தெரியாதவன் பத்தி முழுவதையும் காதால் கேட்டு, பொருள் உணர்ந்து, பிழையும் கண்டுவிட்டான்.

கஃப், டன்மர் என்னும் இருவர் 1986இல் முன்வைத்த கருத்து ஒன்றுண்டு. வாசித்து உணர்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கி வருவது என்பார்கள். கூட்டல் அன்று, பெருக்கல். ஒன்று சுழியானால் விடையும் சுழி. எங்கள் சிறுமியிடம் ஒரு பாதி இருந்தது, சிறுவனிடம் மறுபாதி. பள்ளி முதலாமவளை முதல் மாணாக்கராகவும் இரண்டாமவனைக் கடை மாணாக்கனாகவும் எண்ணியது. நாங்களும் அவ்வாறே எண்ணினோம்.

நம் எழுத்துமுறையிலும் சில இடர்கள் உள்ளன. 'கெ' என்பதில் பின்னால் ஒலிக்கும் உயிர் முன்னால் நிற்கிறது. 'கொ' என்பதில் இருபுறமும் நிற்கிறது. 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, றா போன்றவற்றை ஒழுங்குபடுத்தியதே தவிர, கு, சு, து, மு என ஆளுக்கொரு வடிவம் கொண்ட உகரக் குறிகளைத் தொடவில்லை. இவற்றைவிடப் பெரிய இடர் இரட்டை வழக்கு. 'பொத்துக்கும்' என்று அறிந்த பிள்ளை 'உடைப்பெடுக்கும்' என்று வாசிக்க வேண்டும். தெலுங்கு பேசும் சிறுமிக்கு அது இரட்டைச் சுவர்.

ஆகவே எங்கள் கருத்து இது: பொருள் உணர்த்துவதை எழுத்துப் பயிற்சி முடியும் வரை ஒத்திவைக்கக் கூடாது; அதனைக் காதின் வழியாகவும் பிள்ளையின் சொந்தப் பேச்சின் வழியாகவும் முதல் நாளிலேயே தொடங்க வேண்டும். இது மேலைநாட்டுப் புதுமையன்று. அச்சுக்கு முன் நம்மவர் பாடம் 'கேட்டார்கள்'. கடினமான செய்யுளைத் தம் காலத்து உரைநடையில் திருப்பிச் சொன்னவர்களே உரையாசிரியர்கள். சொற்களை எப்படிச் சேர்த்துப் பொருள்கொள்வது என்பதற்கு எட்டுவகைப் பொருள்கோளை வகுத்ததும் அதே நன்னூல்தான். முதுகலையில் பரிமேலழகரைப் படிக்கிறவர்கள் உரை சொல்லலாம். நான்காம் வகுப்புப் பிள்ளை மட்டும் கோடிட்ட இடத்தை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டுமா?

பேச்சுத் தமிழில் விடை சொல்ல விட்டால் செந்தமிழ் கெடும் என்று எங்கள் துறை நண்பர்களே கடிந்துகொண்டார்கள். நேர்மாறாக நடக்கிறது என்பதே மரத்தடி அனுபவம். கேட்டதைத் தன் வாய்ச்சொல்லில் சொன்ன பிள்ளையிடம், "அதை இந்தப் பக்கத்தில் எந்த வரி சொல்கிறது, காட்டு" என்றால் விரல் அந்த வரிக்குப் போகிறது. எழுத்துத் தமிழ் அங்கே பொருளோடு வந்து ஒட்டுகிறது. தெலுங்குச் சிறுமி முதலில் தன் தம்பிக்குத் தெலுங்கில் கதையைச் சொல்கிறாள், பிறகு எங்களிடம் தமிழில். செவித்திறன் குறைந்தவளுக்கு ஒலிவழி உதவாது. படங்களை நிகழ்ச்சி வரிசையில் அடுக்கச் சொல்கிறோம், அவளைப் பார்த்தே பேசுகிறோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிள்ளை தன் வேகத்தில் ஏணிப்படி ஏறலாம் என்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் 21 வகைகளுள் சேர்த்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அழைத்தது. எருமையிலிருந்து அரும்புக்கு வந்ததே பெரிய தொலைவுதான். ஆனால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர் ஒருவர் பல பள்ளிகளுக்கும் சென்றாக வேண்டும். எஞ்சிய நாள்களில் பிள்ளை வகுப்பாசிரியரின் பொறுப்பு. அந்த ஆசிரியருக்குப் பயிற்சியில் இதற்கு எத்தனை மணிநேரம் ஒதுக்குகிறோம்? அதைவிட, அவர் கேட்கும் வினாவை எப்போது மாற்றப்போகிறோம்?

மாணாக்கரைப் பகுப்பதற்குச் சற்று முன்னரே, பாடம் சொல்பவன் விரையாமல், சினவாமல், கொள்பவனின் கொள்திறன் அறிந்து அவன் உள்ளம் ஏற்கச் சொல்லவேண்டும் என்கிறார் பவணந்தியார். அந்த நூற்பாவையும் ஆண்டுதோறும் நடத்தித்தான் வந்திருக்கிறோம். அதற்கு வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை. நாங்களும் அங்கே நின்றதில்லை.

சிறுவன் இப்போது விரல்வைத்து நான்கைந்து வரிகள் வாசிக்கிறான். மெதுவாகத்தான். வருகிற ஞாயிறு ஷிப்டு முடிந்ததும் தந்தையை அழைத்துவருவதாகச் சொல்லியிருக்கிறான். எங்கள் பத்தியில் இன்னும் இரண்டு பிழைகள் இருக்கின்றனவாம்.