விளையாட்டின் விதியும் ஒரு பிரசங்கமே



காணாமற்போன ஆட்டின் உவமையைச் சொல்லி முடித்தவுடன், பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி இசை நாற்காலி விளையாடச் செய்யும் வழக்கம் ஞாயிறு பள்ளிகளில் உண்டு. பாட்டு நிற்கும், ஒரு பிள்ளைக்கு நாற்காலி கிடைக்காது, அது சுவரோரம் போய் உட்காரும். முடிவில் ஒருவனுக்குப் பரிசு, மற்ற பத்தொன்பது பேரும் வேடிக்கை பார்ப்பவர்கள். தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றி (லூக்கா 15) அப்போதுதான் கேட்ட பிள்ளை, அதற்கு நேர் எதிரான பாடத்தைத் தன் கைகால்களாலேயே கற்றுக்கொள்கிறது. இவ்விரண்டில் எது அதன் உள்ளத்தில் தங்கும் என்று எண்ணுகிறீர்கள்?

விளையாட்டே ஆலயத்தில் வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. நம் மூத்தோரில் சிலருக்கு அந்த எண்ணம் உண்டு என்பதை அறிவேன். அவர்களோடு நான் உடன்படவில்லை. எருசலேமின் மீட்பைத் தீர்க்கதரிசி சகரியா வருணிக்கும்போது, வீதிகளில் விளையாடும் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் காண்கிறார் (8:5). சந்தைவெளியில் உட்கார்ந்து ஒருவரையொருவர் கூப்பிட்டு விளையாடும் பிள்ளைகளை நம் ஆண்டவரே கவனித்து, தம் போதனையில் உவமையாக எடுத்துரைத்தார் (மத்தேயு 11:16). தமிழ்த் திருச்சபைக்கும் இது புதிதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சியையும் ஏற்றப்பாட்டையும் கும்மியையும் ஆடலும் பாடலுமாகவே எடுத்துச் சுவிசேஷத்துக்குப் பயன்படுத்தினார். வயலிலும் முற்றத்திலும் மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த வடிவங்கள் அவை.

அச்சிட்ட தாள்களும் அப்படியே. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ராபர்ட் ரெய்க்ஸ் செய்தித்தாள் நடத்திய அச்சுத் தொழிலாளர். வாரத்தின் மற்ற நாட்களெல்லாம் வேலை செய்த ஏழைப் பிள்ளைகளின் கைக்கு எழுத்தைக் கொண்டுசேர்ப்பதே அவருடைய நோக்கமாயிருந்தது. நம் மாவட்டத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1876-இல் அலகாபாத்தில் உருவான இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்டது.

ஆகவே கேள்வி விளையாடலாமா என்பதன்று. விளையாட்டின் விதி என்ன போதிக்கிறது என்பதே. கதையை ஆசிரியர் வாயால் சொல்கிறார், விதியைப் பிள்ளை செய்து பார்க்கிறது. செய்து பார்த்ததைத்தான் பிள்ளை நம்பும்.

பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பும் ஏணியும் கொண்ட அந்தக் கட்டத்தை வகுத்தவர்கள், ஒரு விளையாட்டு ஒரு சமயக் கொள்கையையே சுமக்கக்கூடும் என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள். இப்போது அதை வேதாகமப் படங்களோடு அச்சிட்டு நம் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம்: பொய் சொன்னால் பாம்பு, ஜெபம் பண்ணினால் ஏணி. பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அது போதிப்பது என்ன? நற்கிரியையால் ஏறுகிறாய், தவறினால் விழுகிறாய், எல்லாம் தாயக்கட்டை விழுகிறபடி. கிருபையினாலே இரட்சிப்பு என்று பிரசங்கபீடத்தில் நாம் சொல்வதைப் பக்கத்து அறையில் ஓர் அட்டை மறுத்துக்கொண்டிருக்கிறது! விழுந்த பேதுருவைத் தேடிவந்த ஆண்டவருக்கு அந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

இனி, வண்ணம் தீட்டும் தாள்கள். தேவாலாவில் இவை ஏன் பெருகின என்பது உங்களுக்குத் தெரியும். தென்மேற்குப் பருவமழை தமிழ்நாட்டில் மிகுதியாகப் பெய்யும் இடங்களில் நம் ஊரும் ஒன்று. ஜூன் தொடங்கி ஆலய வளாகத்தில் பிள்ளைகளை ஓடவிட வழியில்லை. வாரமெல்லாம் தோட்டத்தில் உழைத்துவிட்டு, ஓய்வுக்குரிய ஒரே நாளை ஆண்டவருக்கென்று கொடுக்கும் ஆசிரியர்கள், இணையத்திலிருந்து ஒரு படத்தை இறக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதை நான் குறை சொல்லமாட்டேன். கைகள் அமர்ந்திருந்தால் காதுகள் திறக்கும். அதனால் கதை முடிந்தபின் நேரம் போக்குவதற்காக அல்லாமல், கதை சொல்லும்போதே தாளைக் கொடுப்பது நல்லது.

ஆனால் அந்தத் தாள்களைச் சற்று உற்றுப் பாருங்கள். நோவாவின் பேழையில் ஒட்டகச்சிவிங்கி புன்னகையோடு எட்டிப்பார்க்கிறது. வெள்ளம் ஒரு நீலக் கோடு. மண் சரிந்து சாலை அடைபடுவதையும், மழைக்காகப் பள்ளி மூடப்படுவதையும் கண்ட நம் பிள்ளைகளுக்கு மழை என்றால் என்னவென்று அந்தப் படத்தை வரைந்தவரைவிட நன்றாகத் தெரியும். வெற்றுத்தாளை நான்காக மடித்துக் கொடுத்து, கதையை நான்கு கட்டங்களில் அவர்களையே வரையச் சொல்லுங்கள். பேழையின் கூரைமேல் விழும் மழையை அவர்கள் வரைவார்கள்.

மொழியும் ஒரு காரியம். இறக்கப்படும் சொல் தேடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளை, தமிழ் வேதாகமத்தை எழுத்துக்கூட்டியே வாசிக்கிறது. அதற்குக் கட்டத்துக்கு ஓரெழுத்தாக யோ, சே, ப், பு என்று நான்கு கட்டங்களில் யோசேப்பை நிரப்பும் விளையாட்டு, வாசிப்புக்கே ஒரு படியாகும். இதற்கு அச்சு வேண்டாம். பழைய நாட்காட்டியின் பின்பக்கமும் ஓர் அளவுகோலும் போதும்.

மழைநாளுக்கேற்ற விளையாட்டும் வேதத்திலேயே இருக்கிறது. நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஒரு பிள்ளையை ஒளிந்துகொள்ளச் சொல்லுங்கள். மற்ற எல்லோரும் தேடட்டும். கண்டுபிடிக்கும் வரை ஆட்டம் முடியாது, கண்டுபிடித்தபின் எல்லோரும் கைதட்டவேண்டும். விதி அவ்வளவே. மின்சாரம் நின்றுபோனால் இன்னும் நல்லது: விளக்கைக் கொளுத்தி வெள்ளிக்காசைத் தேடிய ஸ்திரீயின் கதை டார்ச் வெளிச்சத்தில் தானே விளங்கும். யானை நடமாட்டத்தால், அந்தி சாய்ந்தும் ஒருவர் வீடு திரும்பாவிட்டால் கலங்குகிற ஊர் இது. தேடுவது என்றால் என்ன, கிடைத்தால் வரும் மகிழ்ச்சி எப்படிப்பட்டது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

யோர்தான் நடுவிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களும் (யோசுவா 4) அப்படியே. கோத்திரத்துக்கு ஒருவன், ஆளுக்கு ஒரு கல். யாரும் வெளியேற்றப்படவில்லை, ஒருவனுடைய கல் குறைந்தாலும் எண்ணிக்கை நிறையாது. இந்தக் கற்கள் ஏதென்று பின்னாளில் பிள்ளைகள் கேட்கவேண்டும் என்பதற்காகவே அவை நாட்டப்பட்டன.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு மதியம் பிள்ளை வீட்டுக்கு வந்ததும், பரிசு கிடைத்ததா என்று கேட்கவேண்டாம். இன்று என்ன விளையாடினீர்கள், எப்படி விளையாடினீர்கள் என்று கேளுங்கள். அதன் விதியை அவர்கள் விளக்கும்போது கதைக்கும் விதிக்கும் பொருந்தவில்லை என்று தோன்றினால், ஆசிரியரிடமோ என்னிடமோ தயங்காமல் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு ஒவ்வொரு பிள்ளையிடமும் கைக்கு அடங்கும் ஒரு கல்லையும், வீட்டில் இருந்தால் ஒரு பழைய நாட்காட்டியையும் கொடுத்தனுப்புங்கள்.