பழங் காமிரா தந்த பாடம்

எளிதிற் கிடைப்பதை எளிதாக எண்ணுவது மாந்தர் இயல்பு. படமெடுத்தலும் இதற்கு விலக்கன்று. இக்காலத்தே கைப்பேசியில்லாத மாணவர் அரியர். ஒரே நாளில் நூறு படம் எடுப்பாரும் உளர். அவற்றுள் மறுமுறை எடுத்துப் பார்க்கப்பெறுவன எத்துணை என்று வினவின், விடை கூறத் தயங்குவர். யாமும் அவ்வாறே இருந்தோம்.

சென்ற ஆண்டில், விடுதித் தோழர் மூவரேம் பொருள் கூட்டி, பழம்பொருட் கடையொன்றில் பென்டாக்ஸ் கே1000 என்னும் காமிராவை வாங்கினோம். 1976 முதல் 1997 வரை செய்யப்பெற்ற கருவி இது. ஒளியை அளந்து காட்டும் முள்ளுக்கன்றி, வேறெதற்கும் இதற்கு மின்கலம் வேண்டுவதில்லை. தொலைவு, துளையின் அளவு, ஒளி புகும் நேரம் ஆகிய மூன்றையும் எடுப்பவரே அமைத்தல் வேண்டும். ஒரு சுருளில் 36 படங்களே அடங்கும்.

கைப்பேசியிருக்க இப்பழம் பெட்டி எற்றுக்கு என நண்பர் நகைத்தனர். அந்நகைப்பு நியாயமற்றதென்று கூறோம். சுருளின் விலையும் கழுவுங் கூலியும் மாணவர்க்கு எளியனவல்ல. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்று, 'இந்து' என்னும் பெயரால் சுருள் செய்துவந்த அரசாங்கத் தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது. எனினும் எம் கருத்து வேறு. அதன் காரணத்தைக் கூறுவோம்.

எம் விடுதிச் சமையற்காரர் ஓய்வு பெற்றபோது, அவர் கடைசியாகச் சோறு வடித்த காலையில், அடுப்பின் முன் அவரை நிறுத்திப் படமெடுத்தோம். காமிரா இருக்கின்றதே என்று கைப்பேசியில் ஒருவரும் எடுத்திலோம். சுருள் கழுவப்பெற்று வந்தபோது அதில் ஒரு படமும் இல்லை. சுருளின் நுனி உருளையிற் பற்றவேயில்லை! நெம்புகோலைத் தள்ளுந்தோறும் இடப்பக்கத்துத் திருகு சுழல்கின்றதா என்று ஒருகால் நோக்கியிருப்பின், அக்கணமே அறிந்திருப்போம். குற்றம் கருவியினதன்று, எமதே.

இரண்டு திங்கள் கழித்து அவருடைய ஊருக்குச் சென்று, நடந்ததைச் சொல்லிப் பொறுத்தருள வேண்டினோம். "அதற்கென்ன தம்பி, முதலில் சாப்பிடுங்கள், பிறகு எடுக்கலாம்," என்றார். உண்டபின் திண்ணையில் எடுத்தோம். இம்முறை திருகு சுழல்வதைப் பார்த்தோம். துளையும் நேரமும் குறிப்பேட்டில் எழுதினோம். அப்படம் நன்றாக வந்தது. ஆயினும் இருபதாண்டு எமக்கு முன்னும் பின்னுமாகப் பலர்க்குச் சோறிட்ட அவ்வடுப்பின் முன் நின்ற உருவம் இனி வாராது.

அன்று முதல் எம் பழக்கம் மாறியது. 100 வேகச் சுருளாயின், நல்ல வெயிலில் துளையை 16 என்னும் எண்ணிலும் நேரத்தை 125-இல் ஒரு வினாடியிலும் வைத்தல் போதும் என்பது கற்றோம். அதனினும் பெரிதாக, எடுக்கப்படுபவரை முதலிற் பார்க்கவும், அவர் இசைவைக் கேட்கவும், எடுத்தவரின் பெயரையும் நாளையும் எழுதி வைக்கவும் கற்றோம். பிழைக்கு விலையுண்டு என்று அறிந்த கை விழிப்புடன் இருக்கும். இவ்விழிப்பு வந்தபின், கைப்பேசியில் எடுக்கும் படமும் நல்லதாகின்றது. படச்சுருளைப் போற்றுதற்கு யாம் கூறும் காரணம் இதுவே, பழமையென்னும் கவர்ச்சியன்று.

1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்பார், ஒவ்வொரு படத்துக்கும் தாள் நெகட்டிவ் ஒன்றைத் தனியே ஆயத்தஞ் செய்தார். அப்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவருக்கிருந்த இடர்களை நோக்க, எமக்குள்ளவை சிறியன.

ஆகலின் மாணவ நண்பர்களுக்கு ஒன்று கூறுவோம். தனித்து வாங்கல் அரிதெனின், மூவர் நால்வராய்ச் சேர்ந்து ஒரு காமிராவை வாங்குமின். கல்லூரியார் ஒளி புகாத சிற்றறையொன்று உதவின், கறுப்பு வெள்ளைச் சுருளை நாமே கழுவிக்கொள்ளலாம், செலவும் குறையும். முதற் சுருளைக் கோபுரத்துக்கும் மலருக்கும் செலவிடாது, தோட்டக்காரர், வாயிற்காவலர், நூலக ஏவலர் ஆகியோர்க்குச் செலவிடுமின். அவர்கள் ஓய்வு பெறுமுன்னரே செய்ம்மின். திருகு சுழல்கின்றதா என்று பார்த்துக்கொண்மின்.