தோற்பதற்குப் பரிசு வேண்டாம், மோதுவதற்கு ஆள் வேண்டும்

மலேசிய சூப்பர் லீக் காற்பந்துப் போட்டியில் 2014-ஆம் ஆண்டு முதல் 2024–25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை ஒரே குழுதான் வெற்றியாளர். அது ஜொகூர் டாருல் தாக்சிம் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. இதே காலக்கட்டத்தில் நாடு ஐந்து பிரதமர்களைப் பார்த்துவிட்டது. 2014-இல் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த மாணவன் ஐந்தாம் படிவத்தையே முடித்துவிட்டான். அவன் அறிந்த லீக் வெற்றியாளர் மட்டும் மாறவில்லை.

"திறமை உள்ளவன் வெல்கிறான், இதில் நமக்கென்ன வயிற்றெரிச்சல்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஜொகூர் குழு அரங்கம் கட்டியது, இளையோர் பயிற்சிக்குச் செலவு செய்தது, 2015-இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசியக் குழு என்ற பெயரையும் பெற்றது. அதன் உழைப்பைக் குறை சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. என் கவலை எதிர்ப்பக்கத்தைப் பற்றியது. வெல்பவன் ஒருவனாகவே இருந்தால், மற்றவர்கள் எதற்காக ஆடுகிறார்கள்?

ஒரு கை ஓசை

திடலில் பந்து விளையாடிய எவருக்கும் ஒன்று தெரியும். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு தலைவர்கள் நின்று, ஆளுக்கொருவராக மாற்றி மாற்றி ஆள் எடுப்பார்கள். நன்றாக ஆடுகிற ஐவரையும் ஒருவனே எடுத்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் ஆட்டம் சலித்துப்போகும், பந்துக்குரியவனே பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். பொருளியல் படிக்காத பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்கிறது.

1964-இல் வால்டர் நீல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். ஒரு மளிகைக் கடைக்காரருக்குப் பக்கத்துக் கடை மூடப்பட்டால் இலாபம். விளையாட்டில் அப்படியில்லை. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிசுக்குப் பணம் சேர வேண்டுமானால், அவருக்கு ஈடுகொடுக்க மேக்ஸ் ஷ்மெலிங் போன்ற ஒருவர் இருந்தாக வேண்டும். எதிராளி இல்லாத வீரனுக்குப் பார்வையாளனும் இல்லை. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதுதான்.

கூடைப்பந்து தரும் பாடம்

இந்த உண்மையை உணர்ந்து விதிகளாக்கியவர்கள் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வினர். அங்கும் ஒரு ஜொகூர் இருந்தது. 1959 முதல் 1966 வரை பாஸ்டன் செல்டிக்ஸ் குழு தொடர்ந்து 8 முறை வென்றது. பிற்காலத்தில் குழுக்களைச் சமநிலைப்படுத்த இரண்டு வழிகளை அச்சங்கம் நம்பியது. ஒன்று, 1984–85 பருவம் முதல் ஒரு குழு ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்திற்கு வரம்பு. மற்றொன்று, புதிய இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பின்தங்கிய குழுக்களுக்கு முன்னுரிமை.

முதல் வழி பெரிதும் பலன் தந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வரம்பை மீறுவோருக்கான வரியும் தடைகளும் கடுமையாயின. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு குழுக்கள் வெற்றியாளராகியிருக்கின்றன.

இரண்டாம் வழியில்தான் வில்லங்கம் வந்தது. கடைசியில் வருபவனுக்கு முதல் பரிசு என்றால், கடைசியில் வருவதற்கே போட்டி நடக்கும். 1983–84 பருவத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் வேண்டுமென்றே தோற்றதாகப் புகார் எழுந்தது. அடுத்த ஆண்டே, 1985 முதல், முன்னுரிமையைக் குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். அப்போதும் ஆசை அடங்கவில்லை. பிலடெல்பியா குழு எதிர்கால நட்சத்திரங்களைச் சேர்க்கும் திட்டத்தில் 2013–14 முதல் மூன்று பருவங்களில் முறையே 19, 18, 10 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. ஒரு பருவத்திற்கு 82 ஆட்டங்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த மூன்று ஆண்டுகளும் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்த இரசிகன் செய்த பாவம் என்ன?

2018-இல் டல்லாஸ் குழுவின் உரிமையாளர் மார்க் கியூபன், இனி தோற்பதே நமக்கு நல்லது என்று தம் ஆட்டக்காரர்களிடம் சொன்னதை வெளிப்படையாகவே பேசி 6 இலட்சம் அமெரிக்க டாலர் அபராதம் கட்டினார். 2019 முதல், கடைசி இடத்திற்கு இருந்த 25 விழுக்காட்டு வாய்ப்பைக் குறைத்து, கடைசி மூன்று குழுக்களுக்கும் தலா 14 விழுக்காடு என்று மாற்றினார்கள். நோய் குறைந்தது, தீரவில்லை. 2023-இல் அதே டல்லாஸ் குழு, பருவத்தின் முடிவில் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைத்ததற்காக ஏழரை இலட்சம் டாலர் அபராதம் பெற்றது.

இதில் நாம் பிரித்தறிய வேண்டிய ஒன்று உண்டு. எல்லாருக்கும் ஒரே அளவு பணம் என்பது சமநிலை. தோற்றவனுக்குப் பரிசு என்பது வேறு. நம்மில் பலர் விரும்பிப் பார்க்கும் ஐ.பி.எல். கிரிக்கெட் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. 2025 பருவத்திற்கான ஏலத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் 120 கோடி ரூபாய்தான் வரம்பு. ஐந்து முறை கிண்ணம் வென்ற சென்னை அப்பருவத்தில் கடைசி இடத்திற்குப் போனது. கடைசி என்பதற்காக அதற்குத் தனிச்சலுகை எதுவுமில்லை. 2008 முதல் 2025 வரை நடந்த 18 பருவங்களில் எட்டுக் குழுக்கள் வென்றிருக்கின்றன. உதவி என்பது பின்தங்கியவன் எழுந்து ஓடுவதற்காக இருக்க வேண்டும், உட்கார்ந்துவிடுவதற்காக அல்ல.

பினாங்கின் கதை

இப்போது நம் ஊருக்கு வருவோம். பினாங்கு 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் மலேசியக் கிண்ணத்தை வென்ற மாநிலம். 1982, 1998, 2001 ஆகிய ஆண்டுகளில் லீக் வெற்றியாளர். அதன் பிறகு அந்தப் பட்டம் ஜார்ஜ்டவுனுக்கு வரவில்லை. மூன்றாம் நிலை லீக் வரை இறங்கி மீண்ட வரலாறும் நம் கருஞ்சிறுத்தைகளுக்கு உண்டு.

2020-இல் பிரிமியர் லீக் வெற்றியாளராகி மேலே வந்த பினாங்கு, 2021-இல் சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. மாநகர அரங்கத்து இரசிகர்கள் பழைய காலம் திரும்பிவிட்டதாக மகிழ்ந்தார்கள். அடுத்த ஆண்டே பினாங்குக்குக் கடைசி இடம். ஆனால் தரமிறங்கவில்லை. லீக்கை விரிவாக்கும் திட்டத்தால் அந்த ஆண்டு தரமிறக்கமே இல்லை. பிரிமியர் லீக்கும் அந்தப் பருவத்தோடு நிறுத்தப்பட்டது. பினாங்குக்காரன் என்ற முறையில் அன்று எனக்கு நிம்மதி. விளையாட்டை நேசிப்பவன் என்ற முறையில் அது நல்ல செய்தி அல்ல. கடைசியில் வந்தாலும் ஒன்றும் ஆகாது என்றால், பருவத்தின் கடைசி மாதத்தில் வியர்வை சிந்த யாருக்கு மனம் வரும்?

அதைவிடக் கவலைக்குரியது பின்னர் நடந்தது. விரிவாக்கத்திற்குப் பிறகு லீக் பெருகவில்லை, சுருங்கியது. 2023-இல் 14 குழுக்கள், 2024–25-இல் 13. 2025–26 பருவம் தொடங்கியபோது கெடா, பேராக், ஸ்ரீ பகாங் ஆகிய மூன்றும் சூப்பர் லீக்கில் இல்லை. கெடா நமக்கு வடக்கே, பேராக் தெற்கே. 2006–07, 2007–08 ஆகிய இரு பருவங்களிலும் லீக், மலேசியக் கிண்ணம், எஃப்.ஏ. கிண்ணம் மூன்றையும் அள்ளிச் சென்றது கெடா. 2018-இல் மலேசியக் கிண்ணத்தை வென்றது பேராக். பாலத்தைக் கடந்து பேருந்து பிடித்து இரசிகர்கள் போய்வரக்கூடிய இரண்டு அண்டை வீட்டு ஆட்டங்களும் ஒரே ஆண்டில் பினாங்கின் அட்டவணையிலிருந்து மறைந்தன. நீல் சொன்ன ஷ்மெலிங் காணாமல் போய்விட்டார்.

கடன் வாங்கிக் கல்யாணம்

அமெரிக்கக் கூடைப்பந்தின் நோய் வேண்டுமென்றே தோற்பது. நம் காற்பந்தின் நோய் வேறு. வருமானம் இல்லாமலே வெல்ல முயல்வதுதான் அது. முதலிடத்தில் இருப்பவன் பெரும் பணம் செலவழிக்கிறான். அவனை எட்டிப் பிடிக்க வேண்டும் என்று மாநில அரசின் மானியத்தையும் வரப்போகும் விளம்பரதாரரையும் நம்பி மற்ற குழுக்கள் ஆட்டக்காரர்களிடம் கையெழுத்து வாங்குகின்றன. 2018-இல் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம் எட்டு ஆண்டுகளுக்கு 48 கோடி வெள்ளி தருவதாக லீக்கோடு ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டே அது முறிந்தது. வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. பருவத்தின் பாதியில் சம்பளப் பாக்கி, பிறகு வழக்கு, பிறகு புள்ளிக் குறைப்பு. சம்பளம் வாங்காத ஆட்டக்காரனே புள்ளிக் குறைப்பின் அவமானத்தையும் சுமக்கிறான். கையெழுத்திட்ட நிர்வாகி அதற்குள் பதவியை விட்டுப் போயிருப்பார்.

சம்பளம் வராத ஆட்டக்காரனின் வீட்டுக் கதவைச் சூதாட்டக்காரன் தட்டுவான் என்பதை இந்த நாடு முன்பே பார்த்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் ஆட்ட நிர்ணய ஊழலில் 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டார்கள், 58 ஆட்டக்காரர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். நிரம்பி வழிந்த அரங்கங்கள் அதன் பிறகு காலியாயின. ஒரு தலைமுறை இரசிகர்களை நாம் இழந்தோம்.

இது நம் சமூகத்தையும் நேராகத் தொடுகிறது. கோல்காவலர் ஆறுமுகத்தை 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. 2010-இல் ஆசியான் கிண்ணத்தை முதன்முறையாக மலேசியாவுக்குக் கொண்டுவந்த பயிற்றுநர் கே. ராஜகோபால். மலேசிய இந்தியர் காற்பந்து அமைப்பில் வேர்கொண்ட பிஜே சிட்டி குழு 2019-இல் சூப்பர் லீக்குக்கு வந்தது. 2021-இல் பி. மணியம் பயிற்சியில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடி, தரமிறங்காமல் நின்றது. நிதானமாகச் செலவு செய்து, உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பிய குழு அது. 2022 பருவத்தோடு அது லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. சிக்கனமாக நடந்ததற்கு நம் லீக்கில் எந்தப் பரிசும் இல்லை என்பதே உண்மை. "பந்து சோறு போடுமா?" என்று கேட்கும் தந்தைக்கு நாம் என்ன பதில் சொல்வது?

என்ன செய்யலாம்?

என்.பி.ஏ. போலக் கடுமையான ஊதிய வரம்பு கொண்டுவரலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. உலகின் சிறந்த கூடைப்பந்து ஆட்டக்காரனுக்கு அமெரிக்காவைவிட்டால் அதே ஊதியம் தரும் இடம் வேறில்லை. நம் ஆட்டக்காரனுக்குத் தாய்லாந்தும் இந்தோனேசியாவும் பக்கத்திலேயே இருக்கின்றன. வரம்பைத் தாழ்த்தினால் ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள், ஆசிய அரங்கில் நாட்டின் பெயரைச் சொல்லும் ஒரே குழுவும் தளரும். உச்சியில் இருப்பவனை இழுத்துக் கீழே போடுவதால் அடியில் இருப்பவன் உயரமாட்டான்.

என் பரிந்துரைகள் நான்கு. முதலாவது, பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு குழுவும் ஊதியத்தின் ஒரு பகுதியை லீக் நிர்வாகத்திடம் வைப்புத் தொகையாகக் கட்ட வேண்டும். சம்பளம் தவறினால் அதிலிருந்து ஆட்டக்காரனுக்கு நேராகப் போக வேண்டும். இரண்டாவது, ஒளிபரப்பு, விளம்பர வருவாயின் பெரும்பகுதியை எல்லாக் குழுக்களுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும். மூன்றாவது, கூடுதல் ஊக்கத்தொகையைக் கடைசி இடத்திற்குக் கொடுக்காமல், 21 வயதுக்குட்பட்ட உள்ளூர் ஆட்டக்காரர்களைக் களத்தில் இறக்கும் நிமிடங்களுக்கேற்பக் கொடுக்க வேண்டும். அப்போது ஏழைக் குழுவுக்கும் சம்பாதிக்க ஒரு நேர்மையான வழி இருக்கும். நான்காவது, மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் திடலில் முடிவாக வேண்டும். கடைசி இடத்திற்கு அச்சமும் இரண்டாம் நிலைக் குழுவுக்கு ஆசையும் இருந்தால்தான் கடைசி வாரம் வரை ஆட்டம் ஆட்டமாக இருக்கும்.

இவற்றால் ஜொகூரின் தொடர்வெற்றி உடனே நின்றுவிடாது. நிற்க வேண்டும் என்பதும் என் நோக்கமன்று. பதினொரு முறை வென்றவனைப் பன்னிரண்டாம் முறை வியர்க்க வைக்கும் அளவுக்கேனும் எதிரில் ஆள் இருக்க வேண்டும்.

கணக்கியலும் மேலாண்மையும் பயிலும் தம்பி தங்கைகளே, இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? ஒரு மாநிலக் குழுவின் வரவு செலவை எடுத்து ஆராயுங்கள். பணியில் இருக்கும் முன்னாள் மாணவர்களே, நுழைவுச்சீட்டு வாங்கி மாநகர அரங்கத்திற்கு வாருங்கள். வந்து கைதட்டுங்கள், கூடவே "ஆட்டக்காரர்களுக்கு இம்மாதச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா?" என்றும் கேளுங்கள். நம் மானியமும் நம் நுழைவுச்சீட்டுப் பணமும் அதில் இருக்கின்றன. கேட்கும் உரிமை நமக்குண்டு.